சரோஜா அக்கா பிரித்தெடுத்த பெயர்

மதுரையில் எம்பிராய்டரி நூல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் காரியாபட்டியில் நின்றபோது சரோஜா அக்காவின் மகள் போனில் அழைத்தாள். “சித்தி, அம்மா போயிட்டாக” என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அவர் கேட்டிருந்த மயில்கழுத்து நிற நூல்கண்டு என் மடியில் இருந்தது.

பாளையம்பட்டியில் நாங்கள் சேர்ந்துதான் கடை நடத்தினோம். நான் பிளவுஸ் தைப்பேன். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் அவர் பொறுப்பு. உங்களில் பலருடைய கல்யாண பிளவுஸில் அவர் வேலை இருக்கும். அந்த மெஷின் வந்த அன்று வாசலுக்குள் நுழையவில்லை. திருப்பி அனுப்பிவிடலாமா என்று லோடு ஆட்கள் கேட்டார்கள். “செவுத்த இடிங்கப்பா, பெறகு கட்டிக்கிடலாம்” என்றார் அக்கா. கட்டடத்துச் சொந்தக்காரரைச் சமாளித்ததும் அவர்தான்.

திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கல்யாண பிளவுஸின் ஒரு கையில் தன் பெயரும் மறுகையில் மாப்பிள்ளை பெயரும் ஜரிகையில் போட்டு வாங்கிப் போயிருந்தாள். முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளை வீட்டார் கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டார்கள். தாயும் மகளும் அந்த பிளவுஸோடு கடைக்கு வந்தார்கள்.

“அந்தக் கைய வெட்டிட்டு வேற கை வச்சுக் குடுங்க” என்றார் தாய்.

“வேணாம்க்கா, எரிச்சிருங்க” என்றாள் மகள்.

“துணி என்ன பாவம் பண்ணுச்சு? இரு தாயி, பிரிச்சுப் பாப்போம்” என்றார் அக்கா.

அக்கா துணியைத் திருப்பிப் போட்டு, அடிநூலைச் சின்னக் கத்தரியால் விட்டு விட்டு நறுக்கினார். அவசரப்பட்டால் பட்டு கிழிந்துவிடும். பிறகு மேல்பக்கம் ஜரிகையை மெல்ல இழுத்தார். எழுத்து எழுத்தாகக் கழன்று வந்தது. தெருவையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், எழுந்து வந்து கடைசி எழுத்தைத் தானே இழுத்தாள்.

பட்டில் ஊசி ஓட்டைகள் தெரிந்தன. “இதுமேல ஏதாச்சும் போட்டாகணும். மயிலா, பூவா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்கம்மா பேரப் போடுங்க.”

“எம்பேரு எதுக்குடி? ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும். உங்க பேரு என்ன மதினி?” என்று கேட்டார் அக்கா.

“பேச்சியம்மா” என்றார் அந்தத் தாய்.

ஓட்டைகள் மறையும்படி பூக்கொடி ஒன்றை ஓடவிட்டு, நடுவே அந்தப் பெயரைப் போட்டுக் கொடுத்தார் அக்கா. தீபாவளிக்கு அந்தப் பெண் அதே பிளவுஸைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். “எல்லாரும் யாரு பேருன்னு கேக்காக” என்று சிரித்தாள். அன்று முழுக்க அக்கா வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மெஷினையும் நானே ஓட்டுகிறேன். துணியை இறுக்கிய ஃபிரேமை மெஷினில் மாட்டியதும் அவர் அதன் அடியில் உள்ளங்கையை விட்டுத் துழாவுவார். துணியின் வேறு மடிப்பு சிக்கியிருந்தால் மெஷின் அதையும் சேர்த்துத் தைத்துவிடும். அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பழக்கம்தான். நேற்று துழாவினேன். பிளவுஸின் ஒரு கை அடியில் மடிந்து கிடந்தது. இழுத்து விலக்கிவிட்டு மெஷினை ஓட்டினேன்.