மேல்காணியும் கீழ்காணியும்

தனியாப் பாக்கெட்டை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார் கௌரி. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் சனிக்கிழமைக் காலை. அவருக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். "அக்கா, அது ஒட்டின பாக்கெட்" என்கிறார் கடைக்காரர். "தெரியும் தம்பி, கொஞ்சம் பொறுங்கோ." முகம் மெல்லத் தளர்கிறது. அடுத்தது சீரகம். அதற்கும் அடுத்து சவர்க்காரம். அவற்றில் எதையும் வாங்காமல், வெங்காயம் மட்டும் நிறுத்து எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன், ஊரெல்லாம் முடங்கிக் கிடந்த காலத்தில், காய்ச்சலோடு அவருக்கு மணம் தெரிவதும் நின்றுபோனது. எழுபத்தொரு நாள். எண்ணி வைத்திருக்கிறார். மணம் திரும்பி வந்தது. அது இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் வரவில்லை. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில், வீட்டுச் சமையலறையில் காலையில் கோப்பித்தூளை மணந்த பிறகுதான் செருப்பு மாட்டுவார். "ரயில் நாறினால் மற்றச் சனம் மூக்கைப் பொத்துது. எனக்கு ஆர்.ஈ.ஆர். ரயில் நாறாட்டித்தான் அண்ணை பயம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வேறொருவருக்கு இது உடம்புக் கவலை. கௌரிக்கு மூக்குதான் தொழில். லா ஷப்பெல் மெத்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இத்தாலிய உணவகத்தில் வைன் நிலவறை அவர் பொறுப்பு. பதினான்கு வருடங்களுக்கு முன் அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்தவர். கழுவ வந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக மணந்து பார்க்கும் பழக்கம் எப்படியோ வந்தது. ஒருநாள் முதலாளி லோறன்ஸ் அம்மாளிடம் போய், "மதாம், ஆறாம் மேசைப் போத்தல் நனைஞ்ச மட்டைப்பெட்டி மாதிரி மணக்குது" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். கார்க் கெட்டுப்போன வைனுக்கு அதுதான் அடையாளம் என்று அவருக்கு அப்போது தெரியாது. லோறன்ஸுக்குத் தெரியும். அடுத்த மாதமே நிலவறைச் சாவி கௌரியின் இடுப்பில் தொங்கியது.

அவர் குடிப்பதில்லை. வாயில் வைத்து, புரட்டி, துப்பிவிடுவார். அப்படியும் கலியாண மண்டபங்களில் சில பெண்கள் நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்திப் போடுவதுண்டு. "நகர்த்தட்டும். எனக்கும் காத்து வரும்."

அந்த நிலவறையில் அவர் தனியாகத் துடைத்து வைக்கும் வரிசை ஒன்று உண்டு. வட இத்தாலியில் மொர்வெல்லா என்றொரு பழைய தோட்டம். முந்நூற்றைம்பது வருடமாக ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது. லோறன்ஸ் ஒருமுறை அவரை அங்கே அழைத்துப் போனார். ஒரே மலை, ஒரே திராட்சை, இரண்டு நிலம். உச்சியில் வெளிறிய சுண்ணாம்பு மண், கைக்குள் நொறுங்கும். அடிவாரத்தில் கனத்த களி, விரலில் ஒட்டும். தோட்டக்காரர்கள் அவற்றுக்கு இரண்டு புனிதர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். கௌரிக்கு அவை மேல்காணி, கீழ்காணி. இரண்டு மண்ணையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாராம். தோட்டத்தின் சொந்தக்காரி எமிலியா, எழுபது வயது அம்மாள், இடுப்பில் கை வைத்துச் சிரித்தாராம். கௌரி எனக்கு விளக்கியது இப்படி: "மேல்காணி வைன் மெலிசு. ரோசாப்பூ வாசம் வரும், பிறகு பல்லிலை சோக்குக்கட்டி உரஞ்சின மாதிரி. கீழ்காணி தடிச்சது. புளி ஊறின பித்தளைச் சட்டி."

சென்ற பங்குனியில் மேல்காணியின் புது அறுவடை வைன் ஆறு பெட்டி வந்தது. அதற்காக ஒரு ஞாயிறு மதிய விருந்து, நாற்பது பேர். எமிலியாவே வருவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்கு கௌரி முதல் போத்தலைத் திறந்தார். ரோசா இல்லை. சோக்கு இல்லை. வேறு பெட்டியிலிருந்து இரண்டாவதைத் திறந்தார், பிறகு மூன்றாவது. ஒன்று லேபிள் பொய், அல்லது தன் மூக்கு பொய். நிலவறையை விட்டு ஓடிப்போய் சமையலறையில் கோப்பித்தூள் டின்னைத் திறந்தார். மணந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

டேமியன் அங்கே வைன் பரிமாறுகிறவர். அதற்கென்று படித்துப் பட்டயம் வாங்கிய இளைஞர். அவர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அந்த வருடம் வெயில் அதிகம், கௌரி. அதுதான் கனம்" என்றார். லோறன்ஸ் கௌரியின் தோளைப் பிடித்தார். "உனக்கு நிச்சயமா?"

"நிச்சயம் எண்டு எப்பிடிச் சொல்லுறது, மதாம்?"

"அப்படியானால் இன்றைக்கு ஒன்றும் பேசாதே."

பேசாமல்தான் இருந்தார். ஆனால் விருந்து நடுவில் எமிலியா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், "என் மலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். கௌரிக்குப் பொய் வரவில்லை. "இது கீழ் நிலம், மதாம்" என்றார். எமிலியா தன் கிளாஸை மணந்தார், கீழே வைத்தார், நன்றி சொன்னார், பக்கத்தில் இருந்தவரிடம் ரயில் நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

திங்கட்கிழமை லோறன்ஸ் அவர் கண்ணைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் நிலவறையை டேமியன் பார்க்கட்டும்" என்றார். கௌரி சாவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பழையபடி கிளாஸ் கழுவப் போனார்.

அந்த நாட்களில் மதியக் கோப்பிக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "வேலை போனால் போகட்டும், அண்ணை. மூக்குப் போச்சுதோ எண்டுதான் பயமாக் கிடக்கு." கணவர் உதயன் பக்கத்து ஊரான ஸ்தேனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். "அவை ஒட்டின லேபிள், அவை குடிக்கினம். உமக்கேன் இந்தத் தலையிடி?" என்று கேட்டிருக்கிறார். மகள் சுபாங்கி பிரெஞ்சில் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்: "அரேத், மமான்." நிறுத்துங்கோ அம்மா என்று அர்த்தம்.

மூக்கு மருத்துவரிடம் போனார். பேனா போலப் பன்னிரண்டு குச்சிகள். மணந்து பெயர் சொல்ல வேண்டும். பதினொன்று சரி. அதிமதுரத்தைப் பெருஞ்சீரகம் என்று சொல்லிவிட்டார். மருத்துவர் சிரித்து, அது எல்லோரும் செய்யும் பிழை என்றார். பதினொன்று கௌரியின் காதில் ஏறவில்லை. அந்த ஒன்றை ஒரு கிழமை முழுவதும் தூக்கிக்கொண்டு திரிந்தார். அதிமதுர வேர் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ரயிலில் எடுத்து எடுத்து மணந்தார்.

சாவி கைமாறிய பத்தொன்பதாவது நாள், மதிய வாடிக்கையாளர்கள் கலைந்த நேரம். நான் கோப்பியோடு மூலையில் இருந்தேன். லோறன்ஸ் கையில் ஒரு கடிதத்தோடு வந்து, சமையலறையில் இருந்தவர்களையும் அழைத்தார். நின்றபடியே படித்தார். எமிலியா எழுதியிருந்தார்: ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு போத்தல் திறந்து பார்த்தோம். போத்தலில் அடைத்த நாளில் இயந்திரம் பழுதாகி நின்றிருக்கிறது. மறுபடி ஓடத் தொடங்கியபோது கீழ் நிலத்து வைனுக்கு மேல் நிலத்து லேபிள் விழுந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூறு போத்தல். எல்லாவற்றையும் திரும்ப அழைத்திருக்கிறோம். "பதினோரு தலைமுறையாக இந்த மலையைக் குடிக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மேசையில் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு கௌரி என்னை மன்னிக்க வேண்டும்." கடிதத்தோடு உண்மையான மேல்காணி இரண்டு போத்தல் வந்திருந்தது.

சமையல்காரர்கள் கைதட்டினார்கள். லோறன்ஸ் சாவியைத் தன் கையாலேயே கௌரியின் இடுப்பில் மாட்டி, அவரை இறுக அணைத்துக்கொண்டார். "உன்னை நம்பாதது என் தவறு" என்றார். கௌரி அழவில்லை. "பரவாயில்லை, மதாம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

டேமியன் ஒரு போத்தலைத் திறந்து, ஒரு கிளாஸில் ஊற்றி, மரியாதையாக அவர் முன் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கௌரி கிளாஸை எடுத்தார். முகத்தருகே வந்ததும் நின்றுவிட்டார்; மூச்சை உள்ளே இழுக்கவேயில்லை. திடீரென்று திரும்பி என் மேசைக்கு வந்தார். அங்கே வேறு ஒருவருக்கும் விளங்காத தமிழில், மெல்லிய குரலில், "அண்ணை, ரோசா வருதோ? நீங்கள் முதல் சொல்லுங்கோ" என்று கிளாஸை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மற்றக் கையால் தன் மூக்கைப் பொத்தியிருந்தார்.