முதலாளியின் முன்பல்

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறை அது. ஜன்னலோர மேஜை பல்லக்காவுடையது. சொந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பக்கத்துப் பல் காப்பிக் கறை படிந்து பழுப்பேறியிருந்தால் அதே பழுப்பையும், ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அதையும் தூரிகை நுனியில் கொண்டுவந்துவிடுவார். கட்டிய மனைவியே எது பொய், எது மெய் என்று தடுமாறுவாள்.

முதலாளி கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை மட்டும் வராது. செய்து முடித்த பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ம்" என்பார். மனம் ரொம்பக் குளிர்ந்துபோனால் "பரவாயில்ல". பாராட்டினால் வேலைக்காரர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் கட்சி.

பல்லக்கா அதையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார், பட்டறைக்கு அச்சு அனுப்பும் டாக்டரம்மாவை நேரில் பார்க்கும்வரை. ஒரு நோயாளிக்குப் பல்லின் நிறம் பார்க்க அவருடைய மருத்துவமனைக்குப் போயிருந்தார்.

"நீங்கதான் செய்யறீங்களா?" டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே நின்றுவிட்டார். "எல்லாம் தன் கைவேலைன்னு உங்க முதலாளி சொன்னாரே! நோயாளிங்க கண்கலங்கி நன்றி சொன்னத எத்தனை தடவை அவர்கிட்ட சொல்லியிருக்கேன். ஒரு அம்மா, பல்லு செஞ்ச கைக்குன்னு சால்வை பின்னிக் குடுத்துவிட்டாங்களே, அதுகூடவா உங்களுக்கு வரல?"

முதலாளியின் நாற்காலி முதுகில் கிடக்கும் நீலச் சால்வை. அதைத் தட்டி மடித்துப் போடுகிறவரே பல்லக்காதான்.

"வேலைய விட்டுத் தொலை" என்றார் வீட்டில் கணவர்.

"விடத்தான் போறேன். ஆனா சும்மா விட மாட்டேன்."

சமயம் தானாகவே வந்தது. தொழில் சங்கத்தார் முதலாளிக்கு விருது அறிவித்திருந்தார்கள், ஊழியர்களின் அருமை தெரிந்த முதலாளி என்று! விழா நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, முன்பல் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, முதலாளி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார். இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல்தான் என்றார் டாக்டரம்மா. பல்லக்கா தூரிகையை எடுத்தார்.

நிறத்தை ஒரு சாயல் கூட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ச்சீ, அவன் மேலுள்ள கோபத்துக்கு என் வேலையை நானே கெடுப்பதா? இழைத்து இழைத்துச் செய்தார். மாலை மருத்துவமனையில் அதை மாட்டிவிட்டுக் கண்ணாடியை நீட்டினார்.

முதலாளி இளித்துப் பார்த்தார். "ம்."

"கழட்டுங்க சார்."

"ஏன்?"

"ம்-னா என்ன அர்த்தம்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. திருப்தி இல்லபோல. திரும்பப் பண்றேன்."

பல்லை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், நிதானமாக ஒரு டீ குடித்தார். பிறகு அதே பல்லைக் கொண்டுவந்து மாட்டினார்.

"பரவாயில்ல, பரவாயில்ல!" முதலாளி எழப் பார்த்தார்.

"பரவாயில்லன்னா குறை இருக்குன்னுதானே சார்?" பல் மறுபடி பல்லக்காவின் கைக்குப் போய்விட்டது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. முதலாளியின் மனைவி மூன்றாம் முறையாகப் போன் செய்தார். டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் நின்றார். அவர் தோள்கள் குலுங்கின.

"நல்லா இருக்கும்மா!" பல் போன சந்து வழியே காற்றோடு கலந்து வந்தது அந்த வார்த்தை. "ரொம்ப நல்லா இருக்கு. குடு!"

"இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் யாரு சார்? டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க."

"நீதாம்மா ஃபெஞ்ச. எல்லாம் இவங்கதான் டாக்டர் ஃபெஞ்சாங்க."

"சால்வை?"

முதலாளி முகம் செத்துப்போனது. பட்டறைக்குப் போன் போட்டார். பட்டறையில் அச்சு வார்க்கிறவர் சால்வையோடு மூச்சிரைக்க வந்து, "என்னக்கா இது?" என்று விழித்தார். பல்லக்கா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பல்லை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

"மேடையில நல்லா சிரிங்க சார். நாளையிலிருந்து நான் வரல."

பிடுங்கி வாங்கிய பாராட்டில் என்ன இருக்கிறது என்று மனசின் ஒரு மூலை முணுமுணுக்கத்தான் செய்தது. அன்று அவர் அதற்குக் காது கொடுக்கவில்லை. பேருந்தில் வீடு போய்ச் சேரும்வரை "ஃபெஞ்ச, ஃபெஞ்ச" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது டாக்டரம்மாவின் மருத்துவமனைப் பின்னறையில் அவருக்குத் தனி மேஜை. அச்சு வார்க்கிறவரும் கொஞ்ச நாளில் வந்து சேர்ந்துகொண்டார். மற்ற மருத்துவர்களும் ஒவ்வொருவராகப் பழைய பட்டறையைக் கைகழுவினார்கள்.

பின்னறைச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. விருதோடு முதலாளி வாய்கொள்ளாமல் சிரிக்கும் படம். வேலைக்கு மாதிரி கேட்டு வருகிறவர்களிடம் பல்லக்கா அதைத்தான் காட்டுவார்.

"இதுல ஒண்ணு நான் செஞ்சது. எதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."