யாரும் தனியாகப் போவதில்லை

நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முந்தின நாள்தான் கட்டடத்துச் சொந்தக்காரர் எல்லாக் குடித்தனங்களையும் காலி செய்யச் சொல்லியிருந்தார். இடித்துவிட்டுக் கடைகள் கட்ட ஒருவர் வாங்கப்போகிறாராம். ஆனால் ஆளில்லாத கட்டடமாக இருந்தால்தான் வாங்குவாராம்.

என்னை வளர்த்த சித்தி தையல்காரி. கீழே, மாடிப்படிக்கு எதிர் வீடு எங்களுடையது. வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்துபோட்டுத்தான் தைப்பாள். வெளியே போகிறவர்கள் எல்லாரும் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் வீட்டில் இல்லாமல் யாரும் பார்த்ததே இல்லை.

அன்று என் பெட்டிகளோடு அவளுடைய தையல் மெஷினும் வேனில் ஏறியது. மோட்டார் கெட்டிருந்தது, போகிற வழியில் ரிப்பேர் கடையில் இறக்கிவிடச் சொன்னாள். மெஷின் வேனில் ஏறுவதை மேலேயிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான், கட்டடமே படியில் இறங்கிவிட்டது.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம காலி பண்றீங்க?" எலக்ட்ரீஷியன் வாயில் பற்பசை நுரையோடு நின்றான்.

"சத்தமில்லாம எவ்வளவு வாங்கினீங்க?" என்றாள் இரண்டாம் மாடி நர்ஸ்.

"போறது இவ. மெஷின் ரிப்பேருக்குப் போகுது. நான் எங்கடா போவேன்?" என்றாள் சித்தி.

எலக்ட்ரீஷியன் அசடு வழிந்தான். "அப்ப சரி. நீங்களே போறீங்கன்னா, நானும் நாளைக்கே ஓனர்கிட்ட போய்ப் பேசி முடிச்சிடலாம்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"உன்னையும் நாளைக்குத்தான் வரச் சொன்னாரா?" என்றாள் நர்ஸ்.

மேல்மாடி பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "உங்களுக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்துத் தரேன், வெளியில சொல்லாதீங்கன்னாரு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சித்திதான். "அப்ப எல்லாரும் சேர்ந்தே போயிடலாம். பாவம், மனுஷனுக்கு ஒரே வேலையா முடியும்."

வேன்காரர் ஹாரன் அடித்தார். நான் கிளம்பிவிட்டேன். மற்றதெல்லாம் போனில் கேட்டதும், திரும்பி வந்தபின் சித்தி நடித்துக் காட்டியதும்தான்.

சொந்தக்காரர் யாரைக் கூப்பிட்டாலும் எல்லாரும் போனார்கள். அவர் வீட்டில் உட்கார நாற்காலி போதவில்லை. சித்தி தரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன துணிக்கு ஓரம் மடித்தாள். மூன்றாம் முறை போனபோது, சொந்தக்காரரின் மனைவி தன் ஜன்னல் திரைகளைக் கொண்டுவந்து, "இதையும் கொஞ்சம் குட்டையாக்கித் தர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சொந்தக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆனாலும் டிரைவர் மனம் தடுமாறினார். அவருடைய அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. மேல்மாடியிலிருந்து மாதக்கணக்கில் கீழே இறங்கவில்லை. அது தெரிந்து, வேறொரு தெருவில் கீழ்வீடாகவே பார்த்துத் தருவதாகச் சொந்தக்காரர் ஆசை காட்டியிருந்தார். டிரைவர் ஒருவர் போனால் போதும், மற்றவர்களும் சரிந்துவிடுவார்கள்.

"எனக்கு வேற வழி தெரியலக்கா" என்று சித்தியிடமே வந்து சொன்னாராம்.

"கீழ்வீடுதானே வேணும்? இது கீழ்வீடு இல்லாம வேற என்ன?"

"உங்க தொழில் என்ன ஆகிறது? துணி கொடுக்கறவங்க அவ்வளவு படி ஏறுவாங்களா?"

"ஏறட்டும். உடம்பு இளைச்சா சட்டையப் பிடிச்சுத் தைக்கவும் என்கிட்டதானே வரணும்."

அந்த வாரமே வீடு மாற்றிக்கொண்டார்கள். ரிப்பேராகி வந்த மெஷினை எலக்ட்ரீஷியன் முதுகில் சுமந்து மேலே ஏற்றினான். டிரைவரின் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாவிகளை வாங்கிவைக்க ஆரம்பித்தார். கட்டடத்தை வாங்க வந்தவர் இரண்டு முறை பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

நெடுநாள் கழித்து, பெயரை உச்சரிக்கக்கூட வராத ஓர் ஊரின் பஸ் நிலையத்தில் நின்றபோது சித்தியின் செய்தி வந்தது:

"எல்லார் வீட்டுக்கும் சேர்த்து நீண்டகால வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. படியும் கூரையும் நாங்களே சரிபண்ணிக்கணுமாம், பண்ணிக்கறோம். இங்க மேல நல்ல வெளிச்சம், கண்ணாடி போடாமலே ஊசி கோக்கறேன். உன் கட்டில் ஜன்னலோரம் கிடக்கு. வரும்போது பெட்டியக் குறைச்சுக்கோ, தூக்கிட்டு ஏற வேண்டியது நீதான்."