தம்பி மனைவி ஏறிய பஸ்

என் தம்பி ஸ்பெயினில், பாஸ்க் பகுதியில், பில்பாவோ என்ற ஊரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பாஸ்க் பெண்ணைக் கட்டிக்கொண்டான். போன மழைக்காலத்தில் அவளை முதல்முறையாகப் பர்மாவுக்கு, எங்கள் யாங்கோனுக்குக் கூட்டிவந்தான். நான் விமான நிலையத்துக்கே போயிருந்தேன்.

தம்பியைப் பார்த்து அவளும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கூச்சமாக இருந்தாலும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

"டாக்சி சொல்லியாச்சாக்கா?" என்றான் தம்பி.

நான் வாய் திறப்பதற்குள் அவள் அவனிடம் என்னவோ கேட்டாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பஸ் எங்க நிக்கும்னு கேக்குறா. இவ ஊர்ல ஏர்போர்ட் வாசல்லயே பஸ் நிக்கும். எந்த நாட்டுல எறங்கினாலும் அப்படித்தான் போவணும்னு நிப்பா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன், நம்ம ஊர்லயும்தான் நிக்குது. வரச்சொல்லு!"

பெட்டிகளோடு ஏறினோம். நிற்கத்தான் இடம் கிடைத்தது. உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, முகமெல்லாம் தனாகா மரப்பட்டையை அரைத்துப் பூசியவர், அவளுடைய தோள்பையைப் பிடித்து இழுத்தார். அவள் மிரண்டுபோய்ப் பையை இறுக்கிக்கொண்டாள்.

"பயப்பட வேணாம்னு சொல்லுடா. நிக்கிறவங்க பையை ஒக்காந்திருக்கவங்க மடியில வாங்கி வெச்சுக்குவாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

தம்பி மொழிபெயர்த்ததும் அவள் முகம் சிவந்தது. பையைக் கொடுத்துவிட்டுக் கை கூப்பினாள். அந்த அம்மா லேடானில் இறங்கும்போது அவளைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. நிற்பவர்களைப் பார்த்துத் தானே கையை நீட்டினாள். சாப்பாட்டு கேரியர், கம்ப்யூட்டர் பை, கீரைக்கட்டு, யாரோ ஒரு பெண்ணின் ஈரக் குடை எல்லாம் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன. தாடை வரை சாமான்.

வீடு கியாக்டடாவில். மழையில் கண்ணாடி மங்கியிருந்ததால் சூலே பகோடா பக்கம் வந்ததையே நான் கவனிக்கவில்லை.

"டேய், இதான்டா நம்ம ஸ்டாப்பு!"

தம்பி அமுக்குவதற்குப் பொத்தான் தேடினான். இங்கே ஏது பொத்தான்? இறங்குகிறவர்கள் "பா தே!" என்று குரல் கொடுப்பார்கள், வண்டி நிற்கும். இங்கே பிறந்தவனுக்கு அது மறந்தேபோய்விட்டது.

"பா தே!"

அவள்தான். வழிநெடுக மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்! வண்டி நின்றது. பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அவள் எழுந்திருக்க வேண்டுமே! கேரியர் யாருடையது, கீரை யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கைமாறி முடியும்வரை ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடியே காத்திருந்தார்.

மறுநாள் காலை நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இருவரையும் காணோம். போட்டாதாங் படகுத்துறை வரை நடந்து, படகேறி ஆற்றைச் சுற்றிவிட்டு மத்தியானம்தான் வந்தார்கள்.

"கால் வலிக்குதுக்கா. இவளுக்கு அலுப்பே இல்ல" என்று தம்பி நாற்காலியில் சாய்ந்தான்.

அவள் அதற்குள் மொஹிங்கா மீன்சாற்றைக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.