வற்றாப்பளைக்குப் போன சனிக்கிழமைகள்

செவ்வாய்க்கிழமை முதலாம் பாடத்துக்கு மணி அடித்து ஓய்ந்ததும் யோகமலர் ரீச்சரின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா விடியப்புறம் போயிட்டா, சேர்" என்றார். சிறுநீரக வருத்தம், எதிர்பார்த்த செய்திதான். வகுப்பில் மூன்று பிள்ளைகள் பிரெயில் புத்தகங்களைத் தடவி வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை வரை அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளிநொச்சியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அலகில் நாங்கள் இருவரும் பதினொரு வருடங்கள் ஒன்றாகப் படிப்பித்தோம். அவரைத் தெரிந்தவர்களுக்கு, அவர் அதிகம் சிரிக்கமாட்டார் என்பதும் தெரிந்திருக்கும். "களைப்புப் பழகிப்போச்சு, சேர். அது தன்ர பாட்டில இருக்கட்டும்" என்பார்.

எங்கள் மாணவி நிரோஜா சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய வருடம், அவள் சொல்லச் சொல்ல விடை எழுத நியமிக்கப்பட்டவர் கணித பாடத்தன்று வரவில்லை. அனுமதி பெற்று ரீச்சரே எழுதினார். பிள்ளை பதற்றத்தில் ஒரு கணக்கைப் பிழையாகச் சொன்னாள். பிறகு இன்னொன்றையும். அவள் சொன்னபடியே ரீச்சர் எழுதினார். கணிதத்தில் அவள் சித்தியடையவில்லை.

முடிவு வந்த மறுநாள் அவளுடைய தாய் வற்றாப்பளையிலிருந்து வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"விடை உங்களுக்குத் தெரியும்தானே, ரீச்சர்? கண் தெரியாத பிள்ளைக்கு ரெண்டு வரி மாத்தி எழுதினா ஆருக்கு நட்டம்?"

"மாத்தி எழுதியிருந்தா அது என்ர சோதினை, அம்மா. அவளின்ர இல்லை."

தாய் மகளின் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "நானெண்டா மாத்தி எழுதியிருப்பன்" என்றேன். ரீச்சர் கோபிக்கவில்லை. "எனக்கும் மாத்தி எழுத மனம் வந்தது, சேர்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே முல்லைத்தீவு பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனார். தாய் ஒரு கதிரையைப் போட்டுவிட்டு, முகம் கொடுக்காமல் குசினிக்குள் போய்விட்டாராம். அடுத்த சனியும் அப்படித்தான். மட்டையில் நூல் ஒட்டி முக்கோணமும் வட்டமும் செய்துகொண்டு போவார். நிரோஜா அவற்றை விரலால் தடவிப் படித்தாள். திங்கட்கிழமைகளில் ரீச்சரின் கால்கள் வீங்கியிருக்கும். இப்படி ஒரு வருடம். மறுமுறை அவள் சொல்ல வேறொருவர் எழுத, நிரோஜா சித்தியடைந்தாள். இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

செத்தவீட்டில் தாயையும் மகளையும் கண்டேன். "அண்டைக்கு அவா எழுதாமல் விட்டது எனக்கு இப்பவும் மனத்தாங்கல்தான், சேர்" என்றார் தாய். "ஆனா அவ்வளவு வருத்தத்தோட ஆர் எங்கட வீட்டை வருவினம்?"

நிரோஜா பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். "ரீச்சர் நல்லா மெலிஞ்சிட்டாவோ, சேர்?" என்று கேட்டாள்.

"ஓம், பிள்ளை" என்றேன்.

ரீச்சரின் இடத்துக்கு இன்னும் எவரும் வரவில்லை. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. அவருடைய நேர்மையை எடுத்துக்கொண்டேன் என்று எழுத ஆசை. அந்தப் பலம் எனக்கு வருமோ தெரியாது. முகம் கொடுத்துக் கதைக்காத வீட்டுக்கும் மறுகிழமை போவது, அது ஒன்றைத்தான் அவரிடமிருந்து வைத்திருக்கிறேன். முறிகண்டியில் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது. போன ஞாயிறு நான் போனபோது தகப்பன் படலையைத் திறக்கவில்லை. வருகிற ஞாயிறும் போவேன்.