மூச்சு வாங்கியவன்

எங்கள் தெருச் சலவைக்கடைக்காரனின் தம்பியை எல்லோரும் ‘கிண்ணம்’ என்றுதான் கூப்பிடுவோம். பிறவியிலேயே அவன் நெஞ்சின் நடுவில் ஒரு பள்ளம். மல்லாந்து படுத்தால் அதில் அரை டம்ளர் தண்ணீர் நிற்கும். அதைக் காகம் வந்து குடித்ததாக அவன் அண்ணன் சொல்வான். அது புளுகு. வந்தது குருவி, நானே பார்த்தேன்.

துணிமூட்டையோடு மாடி ஏறி இறங்கி வந்து, “மூச்சு வாங்குதுண்ணே” என்பான் தம்பி.

“எந்தக் கடையிலடா வாங்கினே? எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா” என்பான் அண்ணன். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் தம்பி படிக்கட்டில் மயங்கி விழுந்தான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்செலும்பு உள்ளே அமுங்கி இதயத்தை நெருக்குகிறது, நுரையீரல் விரிய இடமில்லை, ஆபரேஷன் செய்து நிமிர்த்தும்வரை சுமையே தூக்கக்கூடாது என்றார்.

“நெஞ்சை நிமிர்த்தி யாரை அடிக்கப்போறே? வேலை குறையட்டும், பாக்கலாம்” என்றான் அண்ணன்.

மறுவாரம் மூட்டையோடு போனவன் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா கிண்ணம், இன்னுமா வாங்கிட்டிருக்கே?” என்று அண்ணன் கீழிருந்து கத்தினான்.

“வாங்க முடியலண்ணே.”

“ஏன், கடை பூட்டியிருக்கா?”

கீழே எல்லோரும் சிரித்தோம்.

திட்டிக்கொண்டே அண்ணன் ஏறினான். மாடி ஏறிப் பழகாத உடம்பு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தம்பிக்கு மட்டும் வாங்கவில்லை.