அவரைக்கொடிக்கு ஒரு வாய்தா

அமெரிக்காவில், எடிசனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண் இருந்தது. அதில் தக்காளி, கத்தரி, பச்சை மிளகாய் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. கேட்காதது அவரைக்கொடி ஒன்றுதான். தாம்பரத்து விதைக்கடையில் வாங்கி, சாம்பார்ப் பொடிக்கும் அப்பளத்துக்கும் நடுவில் ஒளித்து, ஏர்போர்ட்டில் யார் கண்ணிலும் படாமல் கொண்டுவந்த விதை. மே மாதம் ஊன்றினேன். ஜூலைக்குள், பின்வாசலில் மரப்பலகைத் திண்ணை மாதிரி இருக்கும் டெக்கின் கைப்பிடி முழுக்க ஏறிவிட்டது. இலை என்றால் இலை, அப்படி ஓர் இலை. பூ? மருந்துக்குக்கூட இல்லை.

அது 2002. என் வீட்டுக்காரருக்கு வேலை போன வருஷம். ஆகஸ்டில் ப்ராஜெக்ட்டை மூடிவிட்டார்கள். அக்டோபர் முடிய மட்டும் ஆளைக் கணக்கில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் வேறொரு கம்பெனி விசாவைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி மனுப் போட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாலு வருஷமாக இருந்த ஊர். எனக்கோ அங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. அதனால் அந்த மண்தான் என் ஆபீஸ்.

காலையில் போனும் கையுமாக அவர் டெக்கில் வந்து உட்காருவார். இன்டர்வியூ எல்லாம் போனில்தான். நான் கீழே களை பிடுங்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். "யெஸ், யெஸ், எந்த ஊர்னாலும் ஓகே" என்று அவர் இங்கிலீஷில் குழையும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனுஷன். இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்ட? கொடியிடம்தான் கொட்டினேன். "எருவெல்லாம் தின்னுட்டு உடம்பை வளர்க்கத் தெரியுது, ஒரு பூ விடத் துப்பில்ல. தண்டம்!"

செப்டம்பரில் பொறுமை சுத்தமாகப் போய்விட்டது. காய்க்காத கொடிக்கு நம் ஊரில் என்ன செய்வார்கள்? பழைய துடைப்பத்தையும் பிய்ந்த செருப்பையும் கட்டித் தொங்கவிடுவார்கள். அவமானம் தாங்காமல் காய்க்குமாம். துடைப்பம் இருந்தது. செருப்புக்குப் பதில் அவருடைய வாய் பிளந்த வாக்கிங் ஷூ. இரண்டையும் டெக் கம்பியில் கட்டி முடித்துத் திரும்பினால், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பறவை விரட்டவா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல!

அதற்கும் மசியவில்லை. அப்படியானால் அடுத்தது அரிவாள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் அரிவாளை ஓங்கிக்கொண்டு, இனி உன்னை வைத்திருந்து பிரயோஜனமில்லை, வெட்டப் போகிறேன் என்று மிரட்ட வேண்டும். இன்னொருத்தர் குறுக்கே வந்து, வேண்டாம், விட்டுவிடு, அடுத்த வருஷம் காய்க்கும், நான் பொறுப்பு என்று கெஞ்ச வேண்டும். செடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்பிக்கை.

"என்னங்க, ஒரு நிமிஷம் கீழ வாங்க. நான் மிரட்டறேன், நீங்க கெஞ்சணும்."

"தமிழ்லயா? இது இங்க பொறந்த கொடிம்மா. நீ திட்டறதெல்லாம் புரியும், ஆனா இங்கிலீஷ்லதான் பதில் சொல்லும்."

சிரித்துவிட்டேன். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே வெகுநாளாகியிருந்தது. காய் நறுக்கும் கத்தியை ஓங்கி, "காய்க்காத உனக்கு இங்க என்னடி வேலை? இன்னிக்கே வெட்டறேன் பாரு" என்றேன். அவர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா, விட்டுடு. அடுத்த..."

அடுத்த வருஷம் என்று ஒன்று அங்கே எங்களுக்கு உண்டா என்று யாருக்குத் தெரியும்? என் கையை விட்டார். பிறகு, "இன்னும் கொஞ்சம் டைம் குடு, பாவம்" என்று முடித்துவிட்டு மேலே போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் கொடி பூத்தது. ஊதாப் பூ, கொத்துக் கொத்தாக. எங்கள் மிரட்டலுக்குப் பயந்துதான் என்று குதித்தேன். பகல் சுருங்கினால்தான் அந்த ஜாதி அவரை பூக்கும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மார்கழியில் பூத்துத் தையில் காய்க்கிற கொடி, அந்த ஊர்க் கோடையின் நீண்ட பகலைப் பார்த்து இன்னும் வேளை வரவில்லை என்று காத்திருந்திருக்கிறது. அதைப் போய்த் தண்டம் என்றேன்.

அதே வாரம் ஒரு கம்பெனி அவருடைய பேப்பர்களையெல்லாம் கேட்டு வாங்கியது. "அக்டோபருக்குள்ள விசா மனுவை ஃபைல் பண்ணிடுவாங்களாம்" என்றார். நான் மனசுக்குள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். காய் பிடித்தால் வேலையும் பிடிக்கும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தினமும் எழுந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பிஞ்சைப் பார்ப்பேன். அக்டோபர் நடுவில் அவை விரல் நகம் அளவுக்கு வந்திருந்தன. இன்னும் இரண்டு வாரம் வெயில் இருந்தால் ஒரு பொரியலுக்குத் தேறும்.

அந்த வெயில் கிடைக்கவில்லை. ஒருநாள், அன்றிரவே உறைபனி விழும் என்று டிவியில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மாளும் வேலியோரம் வந்து, இருப்பதையெல்லாம் இன்றே பறித்துவிடு என்றாள். தக்காளியைப் பச்சையாகவே பறித்தேன், துவையலுக்காகும். மிளகாயைச் செடியோடு பிடுங்கிக் கராஜில் தொங்கவிட்டேன். கொடியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. இருந்த பெட்ஷீட்டெல்லாம் கொண்டுவந்தேன். போதவில்லை என்று கல்யாணத்துக்குக் கொடுத்த ஜமுக்காளத்தையும் எடுத்துவந்தேன். அவர் நாற்காலி மேல் ஏறி நின்று போர்த்தத் தொடங்கும்போது உள்ளே போன் அடித்தது. இறங்கிப் போனார். சீக்கிரமே திரும்பி வந்தார். மறுபடி நாற்காலியில் ஏறினார்.

"அந்த ஓரம் மூடல பாரு, கிளிப் குடு" என்றார். கொடுத்தேன். கடைசிக் கிளிப்பைப் போட்டுவிட்டு இறங்கி, கையைத் தட்டிக்கொண்டார்.

"அவங்க ஃபைல் பண்ணலயாம். இந்த வருஷம் யாரையும் எடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

அதைத் தெரிந்துகொண்டே அத்தனை கிளிப்பையும் போட்டிருக்கிறார் மனுஷன்.

காலையில் ஜமுக்காளம் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் இலையெல்லாம் கறுத்துத் துவண்டிருந்தது. பிஞ்சுகள் வெந்நீரில் போட்டெடுத்தது போல நிறம் செத்துத் தொங்கின. தொட்டதும் கையோடு வந்தன. டெக் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஊர் திரும்பி, இப்போது வேளச்சேரியில் மூன்றாவது மாடி. ஜன்னலோரம் ஒரு தொட்டி வைக்கத்தான் இடம். தை மாதம் கடையில் அவரைக்காய் குவிந்து கிடக்கும்போது கை அதன்மேல் போகும், அப்படியே நின்றுவிடும். வீட்டுக்குள்ளேயே மார்ச்சில் நாற்று விட்டிருக்கலாமே, சீக்கிரம் பூக்கிற விதையாகக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது. எல்லாம் இன்னொரு வருஷம் கிடைத்திருந்தால் செய்திருக்கக்கூடியவை.

அந்த எடிசன் வீட்டைக் காலி செய்கிற வாரம், பின்பக்கத்தைச் சுத்தமாக்கிக் கொடுக்க வேண்டுமே என்று அதே கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். குப்பைப் பையை விரித்துவிட்டு அடித்தண்டைப் பிடித்தேன். பின்னால் அவர் வந்து நின்றது தெரியாது. குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்மா, விட்டுடு. அடுத்த வருஷம் காய்க்கும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கத்தியைக் கொண்டுபோய்ச் சமையல் சாமான் பெட்டியில் போட்டு டேப் ஒட்டினேன். கொடியை வெட்டவில்லை. துடைப்பமும் ஷூவும் தொங்கியபடி, அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.